ஏழாவது காயிலும் ஒரு குட்டித் தூக்கமும்

பிப்ரவரி 2

அன்புள்ள மருமகளுக்கு, அதாவது என் அக்கா பெற்ற வாலுக்கு,

உன்னுடைய பதினேழு மிஸ்டு கால்களும் நலமாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும், போனுக்கு எதிரில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அடித்து ஓயும் வரை கேட்டேன். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். உன் அத்தை, "பாவம், பொண்ணு என்னமோ அவசரம்னு கூப்பிடுறா. எடுத்தா கை தேஞ்சா போயிடும்?" என்றாள். "கை தேயாது, கௌரவம் தேயும்" என்று நான் முழங்கியதில் வீட்டு ஜன்னல்கள் மூன்று நிமிடம் ஆடி நின்றன.

காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் சரித்திரம் எழுத்தில் இருப்பது நல்லது. எட்டு மாதத்துக்கு முன் என் ஓய்வு விழா. பட்டறை ஆட்கள் நாற்பது பேர் சூழ நின்றார்கள். வெல்டர், வேக்குவம் பம்ப் பார்க்கும் அம்மா, ஸ்டோர் கீப்பர், எல்லோரும். நான் என் வாழ்க்கையின் மகத்தான சம்பவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே சூரியனுக்குள் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போட்ட ஒரே மனிதன் நான் என்பதை. கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. அப்போது நீ கையில் கேக் தட்டோடு குறுக்கே வந்தாய்.

"மாமா சும்மா விடுறாரு. அது சூரியன் இல்ல, இன்னும் ஒரு தடவகூட எரிய விடாத இரும்பு வளையம். அதுக்குள்ள தூங்கவும் இல்ல. தூங்கியிருந்தா பதினாறு காந்தக் காயில யாரு மாட்டினது?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். வெல்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய பல்செட் ஜூஸ் கிளாசில் விழுந்து நீந்தியது.

நான் ஒற்றைக் கையால் கிரேனை நிறுத்திய கதையைப் பொய் என்றிருக்கலாம். பம்புக்குள் விழுந்த ஸ்பானரை இருமியே வெளியே வரவழைத்த கதையைப் பொய் என்றிருக்கலாம். இதைப் போய்ச் சொன்னாயே! அடுத்த வாரமே பெட்டி படுக்கையோடு இந்தக் கடலோர வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே கடல்கூட நான் பேசும்போது அலையை நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறது.

ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது. மேலே 'பொருள்' என்று போட்டு, கீழே கையெழுத்திட்டு, முறையாக எழுது.

இப்படிக்கு,
பதினாறு காயில்களையும் தன்னந்தனியே மாட்டியவரும், நாற்பது ஆண்டுகளில் ஒரு பிழையும் அறியாதவருமான
உன் தாய்மாமா


பிப்ரவரி 6

மாமாவுக்கு,

பொருள்: ஏழாவது காயில்.

விழாவைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம். இப்போது நேரமில்லை. அத்தைக்கும் படித்துக் காட்டுவீர்கள் என்பதால் எளிமையாகவே எழுதுகிறேன்.

நம் இயந்திரத்தின் வளையத்துக்குள் பிளாஸ்மா, அதாவது சூரியனில் இருப்பது மாதிரி எரியும் வாயு, பத்துக் கோடி டிகிரியில் சுற்றுகிறது. சுவரைத் தொடாமல் அதைக் காந்தப் புலம் தாங்கிப் பிடித்திருக்கிறது. கேமராவில் பார்த்தால் நடுவில் ஒன்றுமே தெரியாது. அங்கே அவ்வளவு சூடு, நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே வராது. நடு இருட்டு, ஓரம் மட்டும் ரோஜா நிறம். தொல்லையெல்லாம் அந்த ஓரத்தில்தான். அழுத்தம் ஏறிக்கொண்டே போய், தாங்காமல் வெடித்து, ஒரு தீ நாக்கு சுவரை நக்கிவிட்டுப் போகிறது. வினாடிக்கு எழுபது தடவை. நம் இயந்திரம் சிறியது, தாங்கிக்கொள்கிறது. நாளை பெரியதாகக் கட்டினால் சுவர் மிஞ்சாது.

நீங்கள் மாட்டிய பதினாறு காயில்களும், அந்தக் கம்பிச் சுருள்கள் எல்லாமே, இதற்காகத்தான். மேலே எட்டு, கீழே எட்டு. அவை ஓரத்தில் ஒரு மெல்லிய காந்த நெளிவை உண்டாக்கும். ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வெடிக்காது. ஐந்து வருடமாக நான் செய்வது இந்த ஒரு கணக்கைத்தான்.

கணக்கில் நடக்கிறது. இயந்திரத்தில் நடக்கவில்லை. வெடிப்புகள் குறைகின்றன, நிற்கவில்லை.

கேமராப் படங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். நெளிவு ஒரு பக்கம் கோணிக்கொண்டிருக்கிறது. ஏழாவது காயில் மட்டும் எதிர்ப்புறமாக வேலை செய்வதாகக் கணக்கில் போட்டேன். அச்சு அசலாக அதே கோணல் வந்தது. ஏழுக்குப் பக்கத்தில் இருந்த உணர்கருவி முதல் மாதமே எரிந்துவிட்டதால் அளந்து பார்க்க வழியில்லை. உள்ளே வேக்குவம், யாரும் போகவும் முடியாது.

பிப்ரவரி 28 அன்று இயந்திரத்தைத் திறக்கிறார்கள். என் முறை பலிக்கவில்லை என்று காயில்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஐஸ் கோஷ்டிக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஓரத்துக்குள் குட்டிக் குட்டி ஐஸ் குண்டுகளைச் சுடுவது அவர்கள் திட்டம். எனக்கு மிச்சம் இருப்பது 26-ஆம் தேதி ஒரு நாள், எட்டு ஷாட், அதாவது எட்டு முறை எரியவிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி ஒன்றுதான். ஏழாவது காயிலில் சிவப்புக் கேபிளும் கருப்புக் கேபிளும் இடம் மாறியிருக்குமா?

உங்கள் மருமகள்


பிப்ரவரி 10

விஞ்ஞான சிகாமணியே,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த பெருமூச்சில் மின்விசிறி தானாகச் சுற்றியது. கரண்ட் இல்லாத நேரம் என்பதைக் கவனிக்கவும்.

நான் மாட்டிய காயில் தலைகீழா? சூரியனே ஒரு நாள் கிழக்கு எது மேற்கு எது என்று குழம்பினால், "எதுக்கும் அவர் மாட்டின காயில ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று கிளம்பி வருமே, அந்தக் காயிலா? அம்மாடி, உன் கணக்கில் ஒரு கழித்தல் குறி தூக்கக் கலக்கத்தில் கூட்டலாக மாறியிருக்கும். போய்த் தேடு.

சோதனை நடந்ததும் நினைவில்லையா? சோதனை ஆபீசருடைய தொப்பைக்கு வளையத்தின் வாசல் போதவில்லை. அதனால் அவர் வெளியே நின்று கரண்ட் விட்டு நம்பரைக் கூவினார். நான் உள்ளே படுத்து, காந்த ஊசியை வைத்துப் பார்த்து "சரி" என்று கூவினேன். பதினாறு கூவல், பதினாறு சரி, பதினாறு டிக். காகிதம் ஆபீசில் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதாகவும் கேள்வி.

மற்றபடி உன் திட்டத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் புரியவில்லை என்றாள். எனக்கோ முப்பது வருடமாகத் தெரிந்த சங்கதி. கல்யாணமான முதல் வருடம் உன் அத்தைக்கு மாதம் ஒரு முறை கோபம் வரும். வந்தால் பாத்திரங்கள் பறவைகளாகும். ஒரு நாள் தற்செயலாக ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டேன். "இது என்ன கட்டிலா, கொடிக்கயிறா?" என்று அரை நிமிடம் திட்டினாள். அந்த மாதம் வெடிக்கவே இல்லை! அன்றிலிருந்து தினமும் குளித்துவிட்டு வந்ததும் தவறாமல் ஒரு ஈரத்துண்டு. அரை நிமிடத் திட்டு. பாத்திரமெல்லாம் அலமாரியிலேயே இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் கசியவிட்டால் மொத்தமாக வெடிக்காது என்பதை உனக்கு முன்பே கண்டுபிடித்தவன் நான். (இந்தப் பத்தியை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை.)

ஆனால் ஒன்று. துண்டு என் பக்கம் விழுந்தால் பயனில்லை. அவள் பக்கம்தான் விழ வேண்டும். ஒரு சாண் மாறினாலும், திட்டும் வராது, மாதக் கடைசியில் வெடிக்கவும் வெடிக்கும். எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, விடு. ஏழாவது என்கிறாயே, அது பம்ப் வாசலுக்கு இந்தப் பக்கம் வருமா, அந்தப் பக்கமா? சும்மாதான் கேட்கிறேன்.

பிழை அறியாத
உன் தாய்மாமா


பிப்ரவரி 14

மாமாவுக்கு,

அந்தப் பக்கம். பம்ப் வாசலைத் தாண்டியதும் முதலில் வருவது.

நீங்கள் வாழ்க்கையில் எந்தக் கேள்வியையும் சும்மா கேட்டதில்லை. "சும்மாதான் கேட்கிறேன்" என்ற வரியை நான் முப்பது முறை படித்தேன்.

நீங்கள் சொன்னபடி கழித்தல் குறியைத் தேடினேன். ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். என் கணக்கில் பிழை இல்லை.

தலைமைப் பொறியாளரிடம் போனேன். அவர் எல்லாப் பெட்டியையும் தன் கையாலேயே பூட்டுவதால் பூட்டு மேடம் என்று பட்டறையில் நீங்கள்தானே பெயர் வைத்தீர்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறார். கேபிளை உள்ளே போய் மாற்ற வேண்டாம், வெளியே பவர் சப்ளை பெட்டியில் மாற்றிப் போட்டாலே போதும், இருபது நிமிட வேலை என்றேன். அவர் பதினாறு டிக் உள்ள தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"உன் கணக்கு சரியா வரணும்ங்கிறதுக்காக நான் கேபிள மாத்த முடியாது. நாளைக்கு இன்னொருத்தர் வந்து ஒன்பத மாத்துன்னு சொல்லுவார். மாட்டின கை எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கே மாத்துறேன்."

அவர் சொல்வதும் நியாயம்தான்.

நான் உங்களிடம் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டறைச் சுவரில் உங்கள் படம் இருக்கிறது. அடியில் 'நாற்பது ஆண்டுகள், பிழை பூஜ்யம்' என்று எழுதியிருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதல் நாள் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நானும் ஒரு நாள் நின்று பார்த்தேன். படத்தில் நீங்கள் கண்ணடிப்பது மாதிரி இருக்கிறது.

இப்போதெல்லாம் கண்ணை மூடினாலே அந்த ஓரம்தான் வருகிறது. ரோஜா நிறத்தில் ஒரு கரை. நான் அதன்மேல் செருப்பில்லாமல் நடந்துபோகிறேன். ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் சுவர். கரை மெல்ல மூச்சு விடுகிறது, உப்புகிறது, இப்போது உடையும் என்று தெரிகிறது. கையால் அமுக்கப் பார்க்கிறேன். என் கை ஓரிடத்தில் மட்டும் தலைகீழாக முளைத்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "எண்ணெய் தேச்சுக் குளி, சரியாப் போயிடும்" என்கிறாள்.

விழாவில் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள். நாற்பது பேர் முன்னால் பேசியிருக்கக் கூடாது. நீங்கள் எந்தக் கதையை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள், இனி குறுக்கே வர மாட்டேன். இந்த ஒன்றில் மட்டும் அளக்காதீர்கள். சரியாகத்தான் மாட்டினேன் என்றால் அப்படியே எழுதுங்கள், நான் வாயை மூடிக்கொண்டு காயில்களைக் கழற்ற விட்டுவிடுகிறேன். தப்பு என்றால் தப்பு என்று எழுதுங்கள். எதை எழுதினாலும் நம்புவேன்.

உங்கள் வாலு


பிப்ரவரி 18

வாலு,

ஏழாவது என்ற சொல்லை உன் முதல் கடிதத்தில் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. போன கடிதத்தில் பக்கம் பக்கமாக முழங்கியதெல்லாம் அந்தச் சத்தத்தில் அது எனக்கே கேட்காமல் போகட்டும் என்றுதான்.

பெருக்காமல் எழுதப் பார்க்கிறேன். பழக்கமில்லை.

அந்த வளையத்துக்குள் நீ போனதில்லை. வெள்ளை உடை போட்டுக்கொண்டு, பை கிடையாது, ஒவ்வொரு கருவியையும் மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொண்டு, வாசல் வழியாகத் தவழ்ந்து போக வேண்டும். உள்ளே சுவரெல்லாம் கருப்பு ஓடு. முன்னால் பார்த்தால் நாலு கை தூரத்தில் வளைந்து மறைந்துவிடும். பின்னால் பார்த்தாலும் அதே. வெளியே பட்டறை முழுக்கச் சத்தம் போட்டாலும் உள்ளே பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். நான் ஒரு தடவை இருமினேன். அது ஒரு பக்கமாகப் போய், வளையத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கமாக வந்து என் காதைத் தொட்டது. (இது கொஞ்சம் பெருக்கல். மற்றதெல்லாம் நிஜம்.)

அதற்குள் திசையே கிடையாது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். விளக்கு எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி மல்லாந்து படுப்பேன். அப்படிப் படுத்தால், காயிலில் என் தலைப்பக்கம் தொங்கும் முனைக்குச் சிவப்புக் கேபிள், கால்பக்கம் தொங்கும் முனைக்குக் கருப்பு. வேறு யோசிக்கவே வேண்டாம்.

ஆறு முடிந்தது. சாப்பிட்டுவிட்டு ஏழுக்குப் போனேன். சட்டத்தை முடுக்கினேன். மேலே இரண்டு முனைகளும் தொங்குகின்றன. விளக்கு மஞ்சளாக எரிகிறது. ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு கனவு வந்தது. வளையம் எரிந்துகொண்டிருந்தது, ஆனால் சுடவில்லை. ரோஜா நிறத்தில் ஒரு வெளிச்சம் மெல்ல நகர்ந்து வளைவில் மறைந்தது. பிறகு மறுபக்கமாக வந்தது. ஒவ்வொரு சுற்று வரும்போதும் என்மேல் ஒரு போர்வையை இழுத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் வெளிச்சம். நான் கிடந்த நடுவில் மட்டும் இருட்டு. எனக்கு வயதும் இல்லை, எடையும் இல்லை. "நடு இருட்டு, ஓரம் மட்டும் ரோஜா நிறம்" என்று உன் கடிதத்தில் படித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். அந்த இயந்திரம் அப்போது ஒரு முறைகூட எரிந்ததில்லை, வாலு. எனக்கு அதை யாரும் சொல்லவும் இல்லை.

விழித்தபோது விளக்கு என் இடக்கைப் பக்கம் இருந்தது. வெளியிலிருந்து யாராவது வயரை இழுத்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. தூக்கத்தில் நான்தான் புரண்டு தலைமாடு கால்மாடு மாறிவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து, கால் இருந்த இடத்துக்குத் தலையையும், தலை இருந்த இடத்துக்குக் காலையும் கொண்டுபோய்ப் படுத்தேன். விளக்கு வலக்கைப் பக்கம் வந்தது. நிம்மதியாகச் சிவப்பைத் தலைப்பக்கம் மாட்டினேன். பிறகு விளக்கையும் எடுத்துக்கொண்டு டீ குடிக்க வெளியே வந்து, திரும்பப் போய், அதை வழக்கமான இடத்தில் வைத்து, எட்டாவதை ஒழுங்காகத்தான் மாட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் அதைத் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடலாம். சோதனை நாளில் நான் முழு விழிப்பில் இருந்தேன். "டீ வர்றதுக்குள்ள பதினாறையும் முடிச்சுக் காட்டுறேன் பாருங்க" என்று ஆபீசரிடம் வீரம் பேசிவிட்டு உள்ளே போனேன். ஆறு வரை காந்த ஊசியை வைத்துப் பார்த்தேன். அப்போது டீ வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. ஏழிலிருந்து பதினாறு வரை ஊசியை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி, "சரி, சரி, சரி" என்று கூவினேன். பாட்டு மாதிரி இருந்தது என்று ஆபீசர் பாராட்டினார்.

மற்ற ஒன்பதும் சரியாகத்தான் இருக்கின்றன என்று உன் கணக்கு சொல்கிறது. அது என் கைத்திறமை. ஏழு என் வாய்த்திறமை.

விழாவில் நீ அதைப் பொய் என்றதும் நான் ஏன் அப்படிக் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே வந்தேன் என்று அத்தை நேற்றுவரை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்ன கதைகளில் அது ஒன்றுதான் நிஜம்.

பூட்டு மேடத்துக்கு உரியது இத்துடன் இருக்கிறது. இதை எழுத மூன்று தாள் ஆனது. முதல் தாளில் லேசாக ஒரு பூகம்பம் வந்திருந்தது. அத்தை பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டாள்.

மாமா

இணைப்பு:

ஏழாவது காயிலை மாட்டும்போது வளையத்துக்குள் தூங்கினேன். எழுந்து திசை மாறிப் படுத்து, சிவப்புக் கேபிளையும் கருப்புக் கேபிளையும் இடம் மாற்றி இணைத்தேன். சோதனையில் ஏழு முதல் பதினாறு வரை காந்த ஊசியைப் பார்க்காமலேயே சரி என்று சொன்னேன். ஆபீசர் மேல் தவறில்லை. யாரும் வற்புறுத்தாமல் இதை எழுதுகிறேன்.

(கையெழுத்து)
சாட்சி: மனைவி


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் 21-ஆம் தேதி வந்தது. பூட்டு மேடம் இணைப்பை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார். பிறகு கேட்டார்: "உங்க மாமாவுக்கு இவ்ளோ சுருக்கமாக்கூட எழுத வருமா?" அன்றைக்கே பெட்டியைத் திறந்து, இரண்டு கேபிளையும் தன் கையாலேயே மாற்றிப் போட்டுப் பூட்டினார்.

நேற்று எட்டு ஷாட். முதல் ஷாட் தொடங்கும் முன்பே நின்றுவிட்டது. இரண்டாவதில் வாயு அதிகம். மூன்றும் நான்கும் பழையபடியே வெடித்தன. ஐஸ் கோஷ்டியின் தலைவர் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அவ்வளவு அன்பாக நடந்துகொண்டதும்தான் எனக்குப் பயமே வந்தது. ஐந்தாவதில் காயில் கரண்டைக் கொஞ்சம் ஏற்றினேன். வெடிப்புகள் தள்ளித் தள்ளி வந்தன, தூக்கம் வரும்போது இமை தட்டுகிற மாதிரி. ஆறாவதில் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

திரையில் ஒரு கோடு ஓடும் இல்லையா, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு முள்ளாக, சீப்பின் பல் மாதிரி? அந்தப் பற்கள் சிறுத்தன. பிறகு ஒன்று வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. கோடு அப்படியே படுத்துக்கொண்டது. கன்ட்ரோல் ரூமில் இருபது பேர் இருந்தோம். யாரும் மூச்சுவிடவில்லை. கேமராவில் அந்த ஓரம் மெல்ல நெளிந்துகொண்டு, உடையாமல், சும்மா இருந்தது. தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு துணி மாதிரி. நான் இவ்வளவு நாள் அதன் கோபத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது.

இரண்டு புள்ளி ஆறு வினாடி. அதற்குப் பிறகு ஷாட் இயல்பாக முடிந்தது. ஏழாவதும் எட்டாவதும் அதையே செய்தன.

காயில்களைக் கழற்றவில்லை. ஐஸ் கோஷ்டிக்கு வேறு வாசல் பார்க்கிறார்கள். "உன் மாமா தூங்காம இருந்திருந்தா எனக்கு ஆறு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும், நானும் ஐஸ் சுடுற மிஷின சும்மா பெட்டி கட்டிக் கொண்டுவந்திருக்க மாட்டேன்" என்று அவர்களுடைய தலைவர் உங்கள்மேல் செல்லமாகக் கோபப்பட்டார்.

இனி உங்களுக்குப் பிடிக்காத செய்தி. பூட்டு மேடம் உங்கள் கடிதத்தைப் பட்டறையில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்றார். நான்தான் படித்தேன். முடித்ததும் தாளை மடித்தேன். வெல்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப, உள்ள தூங்கினது நிஜமா?"

"நிஜம்தான்" என்றேன். "அன்னைக்கு விழாவுல நான்தான் தெரியாம பொய்னு சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்." சத்தமாகவே சொன்னேன், மாமா. கடைசி வரிசையில் நின்ற பம்ப் அம்மாவுக்கும் கேட்கும்படி.

"அடப்பாவி மனுஷா!" என்று வெல்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த விளக்க இழுத்தது நான்தான். இந்தப் பக்கம் வெளிச்சம் பத்தலன்னு இழுத்தேன்." பிறகு ஒரு மணி நேரம் பட்டறையில் வேறு பேச்சே இல்லை. சுவரில் இருந்த உங்கள் படத்தைக் கழற்ற வேண்டுமா என்று ஸ்டோர் கீப்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பூட்டு மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "படம் இருக்கட்டும். நம்பர மாத்துங்க" என்றார்.

இப்போது உங்கள் படத்துக்கு அடியில் 'நாற்பது ஆண்டுகள், பிழை ஒன்று' என்று இருக்கிறது.

போனை எடுப்பீர்களா?

உங்கள் வாலு


மார்ச் 3

என் அக்கா பெற்ற வைரமே, ஓரத்தை அடக்கிய உத்தமியே,

போனை எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவேன். அதற்கு முன் இந்த ஒன்றை எழுதிவிடுகிறேன், போனில் சொன்னால் குரல் கெட்டுப்போகும்.

உன் கடிதம் வந்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரிடம் போனேன். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "சார், என் மருமகள் என்ன பண்ணியிருக்கா தெரியுமா!" என்று தொடங்கினேன். பத்துக் கோடி டிகிரி என்றேன். மிதக்கும் நெருப்பு என்றேன். வினாடிக்கு எழுபது வெடி என்றேன். நிஜத்தைத்தான் சொன்னேன், ஒன்றையும் கூட்டவில்லை. கூட்ட இடமும் இல்லை. அவர் குழாயை மூட மறந்துவிட்டு, "எவ்ளோ நேரம் வெடிக்காம நிறுத்தினா?" என்று கேட்டார்.

வாலு, என் வாயில் 'மூன்று நாள்' என்பது வந்து நின்றது. 'ஒரு வாரம்' அதன் தோளில் கைபோட்டு நின்றது. இரண்டையும் விழுங்கினேன்.

"ரெண்டு புள்ளி ஆறு வினாடி" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றார்.

என் வாழ்நாளில் அப்படிக் கோபம் வந்ததில்லை. அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த உன் அத்தையையும் உட்காரவைத்தேன். "ரெண்டு பேரும் கண்ண மூடுங்க. மூச்ச விடக் கூடாது. உங்க முன்னாடி ஒரு நெருப்பு நிக்குது. இப்ப வெடிக்கும், அடுத்த நொடி வெடிக்கும்னு காத்துக்கிட்டே இருங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது" என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கடல் என்னவோ செய்துகொண்டிருந்தது. அவர்கள் முகம் இரண்டும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இறுகி, பிறகு ஏனோ தளர்ந்தன. முள் நகர்ந்தது.

"ஆச்சு" என்றேன்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணைத் திறந்தார். எழுந்து போய்க் குழாயை மூடினார். அத்தை மட்டும் இன்னும் மூடியபடியே, மெல்லச் சொன்னாள்:

"ரொம்ப நேரமாத்தான் இருக்கு."

உன் மாமா